நவமணிக்கு வைத்த மீசை

செய்தி வந்தபோது காலை மணி ஆறு இருபது. மலேசியாவின் ஈப்போவில், சாலிஹாவின் வாப்பா நடத்தும் சாப்பாட்டுக் கடையில் ரொட்டிக் கல் அப்போதுதான் சூடேறிக்கொண்டிருந்தது. சாலிஹா கல்லாவில் உட்கார்ந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நேரத்துக்கு நவமணியின் பள்ளி வேன் ஓரமாக வந்து நின்று ஒரு ஹார்ன் அடிக்கும். இனிப்புக் குறைத்த தேநீரைப் பிளாஸ்டிக் பையில் கட்டி ஓடிப்போய்க் கொடுக்க வேண்டும். அன்று வேன் வரவில்லை. கைப்பேசிதான் அடித்தது. பேசியவர், அவள் அக்கா என்று அழைக்கும் நவமணியின் கணவர் சீனி.

"சாலிஹா, உங்க அக்கா வேன் கண்ணாடிய தொடச்சுக்கிட்டு இருந்தாம்மா. அப்படியே கீழ உக்காந்தா. எந்திரிக்கல."

"அண்ணே, என்னண்ணே சொல்றீங்க?"

"ஆம்புலன்ஸ்காரன் வந்து பாத்துட்டு இல்லன்னுட்டான். பிள்ளைங்க ரோட்டோரம் நிப்பாங்களே, அவங்ககிட்ட யாரு சொல்றது?"

சாலிஹாதான் போய்ச் சொன்னாள். நவமணி குடியிருந்த புந்தோங்கில் ஒவ்வொரு முனையிலும் காரை நிறுத்தி, புத்தகப் பையோடு நின்ற பிள்ளைகளிடம் "இன்னைக்கு அம்மாவோட போங்க" என்று மட்டும் சொன்னாள். ஒரு வாண்டு விடவில்லை. "அப்ப துரை கிணத்துலேர்ந்து வெளிய வந்துச்சா இல்லையா? நேத்து பாதியில நிறுத்திட்டாங்க ஆன்ட்டி." சாலிஹா காரை எடுத்து அடுத்த முனைக்குப் போனாள்.

துரை என்பது ஒரு வாத்து. பேராக் மாநிலத்தில் தமிழ்ப்பள்ளிக்குப் போன பிள்ளைகளில் அந்த வாத்தைத் தெரியாதவர்கள் குறைவு. வெள்ளை நிறம், நீட்டிய கழுத்து, எல்லாரையும் விரட்டுகிற குணம். அதனால் அதற்குத் தோட்டத்து மேனேஜரின் பட்டம். 'லயத்துக் கூட்டாளிகள்' என்ற வரிசையில் அறுபத்துச் சொச்சம் புத்தகங்கள். குண்டுமணி என்ற பெண், அவள் தம்பி ஒல்லி, பக்கத்து மலாய்க் கிராமத்துப் பையன் ஆமிர், அப்புறம் இந்த வாத்து. ரப்பர்த் தோட்டத்து லயத்து வீடுகளிலிருந்து கிளம்பி, காணாமல் போன மாட்டையும் திருட்டுப்போன கோயில் மணியையும் தேடிக் கண்டுபிடிப்பார்கள். எல்லாப் புத்தகத்தின் அட்டையிலும் எழுதியவர் பெயர் ஒன்றே: வடமலை வாத்தியார். பின்னட்டையில் அவர் படம்: மூக்குக் கண்ணாடி, தடித்த மீசை, கழுத்துவரை பித்தான் போட்ட சட்டை.

அப்படி ஒரு வாத்தியார் இந்த உலகத்தில் எங்கேயும் கிடையாது. அத்தனையையும் எழுதியவள் நவமணி.

சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவள். அப்பா, அம்மா இருவரும் பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்தார்கள். தோட்டம் கைமாறி, மரத்தையெல்லாம் சாய்த்துவிட்டு லயங்களைக் காலி செய்யச் சொன்னபோது நவமணி உயர்நிலைப் பள்ளியில் ஐந்தாம் பாரம் முடித்திருந்தாள். குடும்பம் ஈப்போவுக்கு வெளியே, ஈயம் தோண்டிவிட்ட ஆழமான பழைய குட்டைகளுக்கு நடுவே ஒரு பலகை வீட்டுக்கு வந்தது. தோட்டத்தில் ஓடைத் தண்ணீரில் குதித்து வளர்ந்த தம்பி, குட்டையும் அது போலத்தான் என்று நினைத்து இறங்கினான். இரண்டாம் நாள் மிதந்தான். நவமணி அதைப் பற்றி எழுதியதே இல்லை. ஆனால் அறுபத்துச் சொச்சம் புத்தகங்களில் ஒன்றிலாவது ஒரு பிள்ளை குட்டையில் கால் நனைத்ததாக யாரும் காட்ட முடியாது. துரை வாத்தாக இருந்தும் நீந்தாது. குட்டையைப் பார்த்தால் கழுத்தை நீட்டிக் கத்தும், பிள்ளைகளின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வரும்.

சீனியைக் கட்டிக்கொண்டு புந்தோங் வந்தாள். அவர் லோரி ஓட்டினார், இவள் பள்ளி வேன் ஓட்டினாள். வேனில்தான் கதை பிறந்தது. பின்சீட்டில் அடித்துக்கொள்கிற பிள்ளைகளை அடக்க ஒரு நாள் வாயில் வந்ததைச் சொல்லப் போக, மறுநாள் "அப்புறம்?" என்று கேட்டார்கள். நவமணி வேலை செய்த முறை அன்றிலிருந்து கடைசிவரை அதுதான். காலையில் ஒரு கட்டம் சொல்வாள். பின்சீட்டு அமைதியானால் அது தேறும். பின்சீட்டு சன்னல் பக்கம் திரும்பினால் போச்சு, தூக்கி எறிந்துவிடுவாள். பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு, மரத்தடியில் வேனை நிறுத்தி, தேறிய கட்டத்தை முதலில் கேசட்டிலும் பிறகு கைப்பேசியிலும் பேசி சாலிஹாவுக்கு அனுப்புவாள். சாலிஹா அதைத் தட்டெழுதி, படம் வரைவாள்.

ஒரு முறை சாலிஹா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்த ஒரு கட்டத்தை நவமணி வேண்டாம் என்றுவிட்டாள்.

"ஏன்க்கா? எவ்ளோ நல்லா இருந்துச்சு!"

"நீ சிரிச்சா என்னா? நீயா என் வேன்ல வாரே?"

இருபது வருஷத்துக்கு முன், முதல் கதையை எடுத்துக்கொண்டு, இன்று விக்னேஸ்வரன் நடத்தும், அன்று அவன் அப்பா நடத்திய பதிப்பகத்துக்கு நவமணி போனபோது, பெரியவருக்குக் கதை பிடித்தது, பெயர் பிடிக்கவில்லை. வேன் ஓட்டுகிற பொம்பளை எழுதினது என்றால் எந்தத் தலைமையாசிரியர் வாங்குவார்? வாத்தியார் எழுதினது என்றால் வாங்குவார்கள். அங்கேயே, அப்போதே, ஒரு வாத்தியாரைப் பெற்றெடுத்தார். படிப்பை முடித்து அங்கே வேலை தேடி வந்திருந்த சாலிஹாவைக் கூப்பிட்டு முகம் வரையச் சொன்னார். வரைந்து கொண்டுபோனதும், "மீச பத்தல" என்றார். மீசை தடித்தது.

நவமணியும் சாலிஹாவும் கூடப் பிறக்காத அக்காளும் தங்கச்சியுமாய் அந்த மீசையை வைத்து எத்தனையோ நாள் சிரித்திருக்கிறார்கள். "பாத்தியா, இந்தாளுக்கு வயசே ஏறல. எனக்குத்தான் தல நரைக்குது" என்பாள் நவமணி. எழுத்தாளர் வட்டம் வாத்தியாருக்கு ஒரு பட்டம் கொடுத்தது. ஆசிரியருக்கு உடம்பு சுகமில்லை என்று சொல்லி விக்னேஸ்வரன் மேடையேறி வாங்கிக்கொண்டான். அதற்கும் சிரித்தாள். சிரிப்பு நின்றது போன மாசம், தைப்பிங்கில்.

அங்கே ஒரு மண்டபத்தில் 'எழுத்தாளரைச் சந்திப்போம்' என்று நிகழ்ச்சி. பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போனது நவமணியின் வேன்தான். வெளியே அந்த ஊர் வழக்கம்போல் மழை. அதனால் உள்ளே போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். மேடையில் வேட்டி கட்டி, கண்ணாடி போட்டு, மீசையை முறுக்கிக்கொண்டு வடமலை வாத்தியார் அமர்ந்திருந்தார். ஆள் விக்னேஸ்வரனின் பெரியப்பா. ஒரு சின்னப் பெண் எழுந்து கேட்டாள்: "சார், துரை ஏன் நீந்த மாட்டேங்குது?" பெரியப்பா கலகலவென்று சிரித்தார். "வாத்துன்னா நீந்தும்மா! அடுத்த கதையில குட்டையில எறக்கி விட்டுடுவோம்!" மண்டபமே கை தட்டியது.

அன்று சாயங்காலம் நவமணி கடைக்கு வந்து நாற்காலியில் உட்காராமலே பேசினாள். "அடுத்த புக்குல என் பேரப் போடச் சொல்லு. காசு கீசு ஒண்ணும் கேக்கல. பேரு. அவ்ளோதான்." சாலிஹா விக்னேஸ்வரனை அழைத்தாள். அவன் இனிக்க இனிக்கப் பேசினான். "அக்கா கேட்டு நான் இல்லேன்னு சொல்வேனா? அடுத்த புக்குல போட்டுடலாம்லா."

அடுத்த புத்தகம் அச்சில் இருக்கும்போதுதான் நவமணி வேன் கண்ணாடியைத் துடைக்கப் போனாள்.

இறந்த அன்று நண்பகலுக்குள் செய்தி பரவிவிட்டது. பரவியது எப்படி என்பதில்தான் கூத்து. தினேஸ்வரி என்று ஒரு பெண். சின்ன வயதில் நவமணியின் வேனில் பின்சீட்டில் வந்தவள், இப்போது பாகான் செராயில் ஆசிரியை. அவள் அழுதுகொண்டே "நம்ம வடமலை வாத்தியார் போயிட்டாங்க" என்று வீட்டு முகவரியோடு பழைய வேன் கூட்டாளிகளின் கைப்பேசிக் குழுவில் எழுதினாள். அந்தக் குழுவில் எல்லாருக்கும் வாத்தியார் யாரென்று தெரியும். ஆனால் அது அங்கேயிருந்து வேறு குழுவுக்குப் போய், அங்கேயிருந்து எழுத்தாளர் வட்டத்துக்குப் போனது. இரண்டு மணிக்கு அந்த மீசைக்கார முகத்துக்கு மாலை போட்டு, 'தமிழ்ப் பிள்ளைகளின் தந்தை மறைந்தார்' என்று படம் சுற்ற ஆரம்பித்தது. சாலிஹா தன் கையால் வரைந்த மீசைக்கு ஊரே கண்ணீர் விட்டது.

நான்கு மணிக்கு வட்டத்தின் செயலாளர் தேவன், ஐந்தாறு பேரோடு புந்தோங் வந்து சேர்ந்தார். கையில் பொன்னாடை. இரண்டு பேர் வாத்தியார் படம் போட்ட, சுருட்டிய பதாகை ஒன்றைச் சுமந்து வந்தார்கள். பந்தலுக்குள் நுழைந்து பெட்டியைப் பார்த்தார்கள். உள்ளே ஒரு பெண். தேவன் சட்டென்று பின்வாங்கினார்.

"வீடு மாறி வந்துட்டோம்பா. இது வேற சாவு."

தெரு முனைவரை போய் வேறு பந்தல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்கள். வாசலில் உட்கார்ந்திருந்த சீனியிடம் தேவன் குனிந்து மெல்லக் கேட்டார்.

"ஐயா, வாத்தியார் வீடு இதுதானே?"

"எந்த வாத்தியாரு? நான் லோரி ஓட்டுனவன்."

"வடமலை வாத்தியாரு. காலமானாருன்னு..."

சீனி உள்ளே கையைக் காட்டினார். "அதோ படுத்திருக்கு உங்க வாத்தியாரு."

தேவனுக்குப் புரியவில்லை. சாலிஹா எழுந்து வந்து, ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் விளக்கினாள். எழுதியது இவர்தான், எல்லாமே இவர்தான், மீசை நான் போட்டது. தேவன் கேட்டார், தலையை ஆட்டினார், பொன்னாடையைப் பார்த்தார். கொண்டுவந்ததைத் திரும்பக் கொண்டுபோக முடியாதே! நவமணியின் காலடியில் விரித்து, புகைப்படமும் எடுத்துக்கொண்டார்கள். அதோடு போயிருந்தால் பரவாயில்லை. சுமந்து வந்த பதாகையைப் பந்தல் கம்பியில் கட்டிவிட்டுப் போனார்கள். அவர்கள் போனபின் நவமணியின் தலைமாட்டில் அந்த மீசை தொங்கியது. கோயில் பெண்கள் "யாரும்மா இது, அவங்க அண்ணனா?" என்று கேட்டார்கள். சாலிஹா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, அதை அவிழ்த்துச் சுருட்டி சாக்கடை ஓரத்தில் வீசினாள். பெரிய துப்பட்டா போட்ட பொம்பளை, நாற்காலி மேல் நின்று இழுத்த இழுப்பில் பந்தலே ஆடியது.

சரி, தெரியாமல் செய்தார்கள் என்று விடலாம். தெரிந்தே செய்தவனை என்ன சொல்வது? மறுநாள் காலை பதிப்பகத்தின் பெயரில் விக்னேஸ்வரனின் அறிக்கை வந்தது. வடமலை வாத்தியார் நலமாக இருக்கிறார். வாசகர்கள் வதந்தியை நம்ப வேண்டாம். மறைந்தவர் வாத்தியாரின் கதைகளைத் தட்டெழுதி உதவிய நவமணி அம்மையார். அன்னாரின் ஆத்மா சாந்தியடைய வேண்டுகிறோம்.

அதற்கு அடுத்த நாள் வட்டத்திலிருந்து ஒரு வரி: வாத்தியார் உயிரோடு இருப்பதால் இரங்கல் கூட்டம் ரத்து. வாழ்ந்தவள் செத்தாள், பிறக்காதவன் பிழைத்துக்கொண்டான். அந்த வட்டத்தில் ஒருவருக்கும், முந்தாநாள் பொன்னாடை போர்த்திய தேவனுக்கும், இதில் எதுவும் இடிக்கவில்லை.

சாலிஹா நேரே பதிப்பகத்துக்குப் போனாள். விக்னேஸ்வரன் புதிய புத்தகத்தின் அட்டைகளை மேசையில் அடுக்கி வைத்திருந்தான். எடுத்துப் பார்த்தாள். வடமலை வாத்தியார். முன்னேயும் அவர், பின்னேயும் அவர்.

"அக்கா டைப் அடிச்சாங்களா, விக்கி? டைப் அடிச்சது நான். அந்தக்கா கீபோட தொட்டதே இல்ல."

"உக்காருங்கலா முதல்ல."

"பேரு போடறேன்னு சொன்னியா இல்லையா?"

"சொன்னேன். அட்ட அதுக்கு முன்னாடியே அச்சுக்குப் போயிடுச்சு. நான் என்ன செய்ய? இப்ப மாத்தினா பள்ளிக்கூடத்துல நாலு கேள்வி கேப்பாங்க. இத்தன வருசமா ஏமாத்தினீங்களான்னு கேப்பாங்க."

"ஏமாத்தினதுதானே?"

"வாத்தியாருங்கறது எங்க கம்பெனி பேருக்கா. நவமணி அக்கா இருந்தாலும் இல்லாட்டியும் வாத்தியாரு எழுதுவாரு. ஏற்கெனவே ஒரு பையன்கிட்ட சொல்லி வச்சிருக்கேன். துரைய ஒரு நீச்சல் போட்டியில விட்டா எப்படி இருக்கும்?"

சாலிஹா கையிலிருந்த அட்டையை மேசையில் போட்டாள். பிறகு சொன்னாள்: "துரை என் கை வரைஞ்சது. குண்டுமணியும் ஒல்லியும் என் கை வரைஞ்சது. அக்கா பேரில்லாம இனி ஒரு கோடு விழாது."

"வேற ஆளப் பாத்துக்கறேன்." விக்னேஸ்வரன் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். "ஊர்ல படம் போடறவனுக்கா பஞ்சம்?"

இருபது வருஷத்து உழைப்பை ஒருவன் இப்படிச் சிரித்துக்கொண்டே தட்டிவிட முடியும் என்று அவள் அன்றுதான் பார்த்தாள். இதில் யாருக்கும் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. விக்னேஸ்வரனுக்குத் தெரியும், தேவனுக்கும் தெரிந்துவிட்டது, பெரியப்பாவுக்கும் தெரியும். தெரிந்ததை அச்சில் போடத்தான் யாருக்கும் மனசில்லை.

விக்னேஸ்வரனை வளைத்தது சாலிஹாவின் கோபம் இல்லை. அவன் மறந்துபோன ஒரு விஷயம். இருபது வருஷத்து வேன் பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். அதில் பலர் இப்போது ஆசிரியர்கள். பள்ளி நூலகத்துக்கு என்ன புத்தகம் வாங்குவது என்று சொல்கிற இடத்தில் இருப்பவர்கள். சாலிஹா தினேஸ்வரிக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னாள். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அழுகிறாள் என்று நினைத்தாள்.

"தினேஷ்? இருக்கியாம்மா?"

"இருக்கேன்க்கா. கெட்ட வார்த்த வந்துச்சு, முழுங்கிட்டேன். ஸ்டாஃப் ரூம்ல இருக்கேன்லா." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "ஒல்லிக்குப் பல்லு விழுந்து சாம்பார்ல காணாம போச்சே, அது என் பல்லுக்கா. என் பல்லயா அந்தாளு பெரியப்பா எழுதினாரு?"

அன்றைக்கே அவள் பள்ளியிலிருந்து பதிப்பகத்துக்குச் செய்தி போனது: உண்மையில் எழுதியவரின் பெயர் இல்லாத புத்தகம் எங்களுக்கு வேண்டாம். அடுத்து தைப்பிங்கில் ஒரு பள்ளி, பிறகு ஆயர் தாவார், பிறகு ஈப்போவிலேயே இரண்டு. யாரும் கூட்டம் போடவில்லை, கோஷம் போடவில்லை. வேண்டாம் என்றார்கள், அவ்வளவுதான்.

ஒரு வாரம் கழித்து விக்னேஸ்வரன் கடைக்கு வந்தான். ரொட்டியும் மீன் குழம்பும் சொல்லிவிட்டு, சாப்பிடாமல் பிய்த்துக்கொண்டிருந்தான். சீனியும் அங்கே இருந்தார்.

"ஸ்டிக்கர் போட்டுடலாம்" என்றான்.

"என்னா ஸ்டிக்கரு?"

"அட்ட அடிச்சாச்சு. கிழிச்சுப் போட முடியாது. பின்னால ஓரமா சின்னதா ஒரு ஸ்டிக்கர். 'கதை உதவி: நவமணி.'"

சீனி தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டார். "ஒதவியா? தம்பி, என் பொண்டாட்டி யாருக்கு ஒதவி செஞ்சா? ஆள் இருக்கா? கூட்டிட்டு வா, நான் அவர்கிட்டயே கேட்டுக்கறேன்."

பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். விக்னேஸ்வரன் தண்ணீர் குடித்தான். அரைமணி நேரம் வியாபாரம் பேசுவதுபோலப் பேசினார்கள். 'உதவி' போனது. 'எழுதியவர்: நவமணி' என்று ஆனது. ஓரம் என்பது நடு ஆனது. கடைசியில் சாலிஹா பின்னட்டையை நீட்டி, மீசைக்காரரின் முகத்தின் மேல் விரலை வைத்தாள். "இங்க. இந்த மூஞ்சி முழுக்க மறையற அளவு." முன்னட்டையில் வாத்தியார் அப்படியே இருப்பார் என்பதில் மட்டும் விக்னேஸ்வரன் இறங்கவில்லை. ஒட்டுகிற வேலைக்கு என்னிடம் ஆளில்லை என்றும் சொன்னான். அறுபத்துச் சொச்சம் புத்தகம் எழுதினவளுக்குக் கிடைத்தது பின்பக்கத்தில் ஒரு துண்டுக் காகிதம், அதையும் அவள் வீட்டுக்காரரே ஒட்டிக்கொள்ள வேண்டும்!

ஒட்டினார்கள். மதியக் கூட்டம் கலைந்ததும் கடையின் பின்பக்கம் இரண்டு மேசைகளைச் சேர்த்துப் போட்டு, சாலிஹாவும் சீனியும், வேன் பிள்ளைகளின் அம்மாக்கள் சிலரும். சீனிக்கு லோரி ஓட்டி ஓட்டிக் கை விறைத்திருந்தது. அவர் ஒட்டினதெல்லாம் கோணல். ஒரு அம்மா நேராக்கப் போனாள். "விடும்மா, அவளும் நேரா நின்னவ இல்ல, இடுப்புல கைய வச்சு ஒரு சாய்வாத்தான் நிப்பா" என்றார் சீனி. எல்லாரும் சிரித்தார்கள். அவர் மட்டும் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுத்த புத்தகத்தை எடுத்தார்.

மூன்றாம் நாள் ஸ்டிக்கர் தீர்ந்துபோனது. சாலிஹா எண்ணிப் பார்க்காமலே புரிந்துகொண்டாள். முதலில் வேண்டாம் என்று சொன்ன பள்ளிகளுக்கு மட்டும் கணக்காக அடித்துக் கொடுத்திருக்கிறான். கேட்காத ஊருக்கெல்லாம் மீசையோடே போகட்டும் என்று கிடங்கில் வைத்திருக்கிறான். ஆயர் தாவாரில் முதல் பள்ளியைப் பார்த்து இரண்டாவது பள்ளியும் கேட்டிருந்தது. அதைக்கூடச் சரியாகக் கணக்குப் போடவில்லை. போன் போட்டாள்.

"விக்கி, பத்தல."

"வரும்லா, வரும். மெஷின் வேற வேலையில இருக்கு."

"எப்ப வரும்?"

"வரும்னு சொல்றேன்ல."

அவள் அதற்குப் பிறகு நான்கு முறை அழைத்தாள். இரண்டு முறை எடுத்தான். சீனி தினமும் மூன்று மணிக்கு, ஸ்டிக்கர் வந்திருக்குமா என்று கடைக்கு வந்து, பின்பக்க மேசையில் உட்கார்ந்து, ஒரு தேநீர் குடித்துவிட்டுப் போகிறார். ஆயர் தாவார் இரண்டாவது பள்ளிக்குப் போக வேண்டிய மூன்று பெட்டிப் புத்தகங்கள், ஒட்டாமல், அந்த மேசைக்கு அடியிலேயே இருக்கின்றன.